ஊருக்கெல்லாம் சம்மந்தி

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் தீவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் சம்மந்திதான். "சம்மந்தி படகு அக்கரையில கீது", "சம்மந்தியக் கேட்டுக்கோ", "சம்மந்தி தூங்கிகினு கீறாரு, கூவாத" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவர் மனைவிகூடக் கோபம் வந்தால், "யோவ் சம்மந்தி!" என்றுதான் கத்துவாள்.

எண்ணூர் ரயிலடியில் இறங்கி வடக்கே நடந்தால் கழிமுகம் வரும். எங்கள் ஆட்கள் அதை ஆறு என்பார்கள். ஆற்றைத் தாண்டினால் எங்கள் தீவு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் மணல்மேடு, தாழம்புதர், கொஞ்சம் சவுக்கு, எழுபது எண்பது கூரை வீடுகள். இக்கரைக்கும் அக்கரைக்கும் படகு விடுவது அவர் வேலை.

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், நான் ராயபுரத்திலிருந்து கல்யாணமாகி அந்தத் தீவுக்கு வந்தேன். எட்டாவது வரை படித்தவள் என்று பெயர். ஆனால் நாலு பேர் நடுவில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வராது. டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னா ஊரு பொண்ணு?"

"ராயபுரம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நான் பொண்ணக் கேட்டேன். நீ ராயபுரமா? நீ எங்க பொறந்தன்னு எனக்குத் தெரியும்டா. ஒன் தொப்புள்கொடியப் பொதச்ச எடமே தெரியும்."

நான் இன்னும் குனிந்துகொண்டேன். நான் எந்தத் தெரு, நைனாவுக்கு என்ன தொழில், அம்மா எந்தக் குப்பத்துப் பெண், பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்காரரே பதில் சொன்னார். ஒரு சொந்தமும் அகப்படவில்லை. நடு ஆற்றில் கழியை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டார்.

"மொற தெரியாத ஆள அக்கர சேத்ததே கெடையாது நானு. தோ பாரு பொண்ணு, ஒங்கம்மா சின்ன வயசுல திருவொற்றியூர் தேரு பாக்க வந்துகீறாங்களா?"

வந்திருப்பாள் என்று தலையாட்டினேன்.

"நானும் போயிகீறேன். ஒரே தேருதான் இஸ்த்தோம். அப்போ அவங்க எனக்கு அக்கா. அக்கா பொண்ணு நீ எனக்கு மருமவ. மாமான்னு ஒரு வாட்டி கூப்புடு, படகு நவுரும்."

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். படகில் இருந்த மீன்கூடைப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகு நகரவே இல்லை.

"மாமா" என்றேன். எனக்கே காதில் விழவில்லை.

"அவ்ளோதான். மருமவ உத்தரவு குடுத்துட்டா" என்று சொல்லிக் கழியை எடுத்தார். அந்த ஊரில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முறை கண்டுபிடிக்கும்வரை அவருக்கு எல்லோரும் "சம்மந்தி". உப்பளத்து அதிகாரி, தபால்காரர், கால்வாய் வழியாகத் தெலுங்கு தேசத்து விறகு ஏற்றிக்கொண்டு பட்டணம் போகும் படகுக்காரர்கள், யாராக இருந்தாலும் முதல் வார்த்தை, "வா சம்மந்தி!" அப்புறம்தான் விசாரணை. விசாரணை முடிவில் மச்சானோ, சகலையோ, சித்தப்பாவோ ஆகிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் அந்த முதல் வார்த்தையைத் திருப்பி அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

"ஊரெல்லாம் சொந்தம் இந்தாளுக்கு. நான் மட்டும் யாருன்னு கேட்டா முழிப்பான்" என்பாள் அவர் மனைவி. அவளை நான் அத்தை என்பேன்.

"நீயா? நீ வெளியூரு ஆளு. விசாரணையில கீற" என்பார் அவர்.

இது மனிதர்களோடு நின்றிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. வாயாடி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு அது மனிதர்களோடு நிற்கவில்லை.

பனிக்காலத்தில் உப்பங்கழியில் பூநாரைகள் வந்து இறங்கும். அவை அவருக்கு மாப்பிள்ளைகள். "பாரேன், தலதீவாளிக்கு வந்துட்டு மோதரம் போடலன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்" என்பார். தாடைக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா பெரியப்பா. "பெரியப்பா எங்க போனாலும் பையோடதான் வருவாரு. பந்தியில பாதி பையில பூடும்." படகு பக்கத்தில் போகும்போது வேகத்தைக் குறைப்பார். "எய்ந்துக்காதீங்க, எய்ந்துக்காதீங்க, நாங்க சொம்மா இப்டிக்கா போறோம்" என்று பறவைகளிடம் சொல்வார். அவை எழுந்திருக்காது.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு துரை துப்பாக்கியோடு பறவை சுட வந்தாராம். இதை அத்தைதான் எனக்குச் சொன்னாள். படகில் ஏற்ற மாட்டேன் என்று இவர் சொல்லவில்லை. யாருக்கும் எதையும் இல்லையென்று சொல்ல இவருக்கு வராது. துரைக்குப் பலகையைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். பறவைகள் தெரியும் தூரம் வந்ததும் எழுந்து நின்று, "மாப்ள! பெரியப்பா! ஆரு வந்துகீறாங்க பாருங்க! சீமையிலேர்ந்து சம்மந்தி வந்துகீறாரு!" என்று கூவினார். உப்பங்கழி முழுக்க ஒரே சிறகடிப்பு. வானம் ரோஜா நிறமாகிவிட்டது. துரை இன்னொரு பக்கம் போகச் சொன்னார். அங்கேயும் அதே வரவேற்பு. சாயங்காலம் துரை வெறுங்கையோடு இறங்கியபோது இவர் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து, "இன்னா பண்றது தொர, எங்காளுங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றாராம். துரைக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனாராம்.

பெண்கள் உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி நண்டு பிடிப்பார்கள். நண்டுக்கூடையோடு படகேறினால் இவருக்கு ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். அடிவயிற்றில் முட்டைக் கொத்தோடு ஒரு நண்டு இருந்தாலும் போதும், பக்குவமாகப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்குவார்.

"இன்னாம்மே, புள்ளத்தாச்சிய எங்க இட்டுகினு போற?"

"குழம்புக்குத்தான். வேற எங்க? ஊர்கோலமா?"

"பெத்து எய்ந்துக்கட்டும். அப்பால ஒன் பாடு, அவ பாடு." தண்ணீரில் விட்டுவிடுவார்.

"யோவ் சம்மந்தி, அது ஒனக்கு இன்னா மொறய்யா? வச்சிகினு கீறியா?"

படகு ஆடும்படி சிரிப்பார்கள். அத்தை கரையில் இருந்தால், "வச்சிக்கட்டும்! கொடுக்குல ஒரு போடு போட்டா தெரியும்!" என்பாள். திட்டிக்கொண்டேதான் போவார்கள். ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் அவர் விட்ட நண்டை யாரும் திரும்பக் கை நீட்டி எடுத்ததில்லை. கொஞ்ச நாளில் பெண்களே கழியில் தடவும்போதே பார்த்து விட்டுவிட்டு வந்தார்கள். படகில் அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு இது மேல் என்றார்கள்.

நான் ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன். "எல்லாமே சொந்தம்னா சோத்துக்கு இன்னா பண்றது மாமா?"

அவர் மடவை மீன் வறுவலை முள்ளெடுத்துத் தின்றுகொண்டிருந்தார். "மடவ சொந்தந்தான் மருமவளே. ஆனா பங்காளி. பங்காளிய அட்சிக்கலாம். தப்பில்ல."

"எறால்?"

"பங்காளி."

"நண்டு?"

"ஆம்பள நண்டு பங்காளி."

ஆனால் சின்னக் கண் வலை போட்டு மடவைக் குஞ்சுகளை யாராவது அள்ளினால் அவருக்குப் பிடிக்காது. "பங்காளியோட சண்ட போடு. பங்காளி புள்ளகிட்ட இன்னாடா சண்ட? அவன் வளந்து வரட்டும், ஷோக்கா ஒண்டிக்கு ஒண்டி மோதலாம்" என்பார்.

ஆமைக்கு வருகிறேன்.

தை, மாசி மாதங்களில், பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்லும் கடலாமைகள் எங்கள் கடற்கரைக்கு முட்டையிட வரும். வலையில் ஆமை மாட்டினால் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கடலில் விடுவது எங்கள் ஊரில் முன்னிருந்தே உள்ள வழக்கம். அதே ஊர்தான் விடியற்காலையில் கம்பால் மணலைக் குத்திப் பார்த்து முட்டைகளைக் கூடை கூடையாகத் தோண்டி எடுத்துக்கொண்டும் இருந்தது. இவரும் சின்ன வயதில் தின்றவர்தான். ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாராம்:

"ஆத்தாவுக்குக் குங்குமம் வச்சி அனுப்பறோம். அவ புள்ளைய வேவ வச்சித் துன்றோம். இன்னா நாயம் இது? பொண்ணு தாய் வூட்டுக்குப் பிள்ளப்பேறுக்கு வந்துகீது. நம்மள நம்பி வுட்டுட்டுப் பூட்ச்சி. எந்த வூட்லனா இந்த மாரி உண்டா?"

அன்றிலிருந்து கொஞ்ச நாள் ஒளித்துத் தின்றார்கள். பிறகு அதையும் விட்டார்கள். பெண் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வார்த்தை தொண்டையில் நின்றுவிடும்போல.

ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் வண்டிச் சக்கரம் போன மாதிரி இருக்கும். இவர் விடிகாலையில் சவுக்குக் கிளையை வைத்துத் தடத்தைக் கூட்டிவிடுவார். முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றித் தாழை மடல் நட்டு நாய் நரி வராமல் செய்வார். ஒவ்வொன்றும் யாருடையது என்று சொல்வார். பெரியவளோடது, நடுவுலவளோடது, சின்னவளோடது.

அவருக்கு உண்மையான பெண் ஒருத்திதான். கன்னியம்மா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அப்பாவின் வாயும் அம்மாவின் வாயும் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து வந்திருந்தது. பேசாத எனக்கும் பேசி ஓயாத அவளுக்கும் எப்படியோ ஒத்துப்போயிற்று. தண்ணீருக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும் சேர்ந்தே போவோம். அவள் என் அண்ணனுக்கு மனைவியாக வந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு சரி. அதை நான் வாயால் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தான். படகிலிருந்து இறங்கும்போதே அவர், "அக்கா புள்ள! எனக்கு மொற மாப்ள! வூட்ல பொண்ண வச்சிகினு வெளிய தேடினு கீறேனே!" என்று கத்தினார். விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணன் காது சிவந்துவிட்டது. அவனும் என் ஜாதகம்தான், பேச்சு வராது. ஊருக்குப் போனவன் சாப்பிடாமல் இருக்கிறான் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். தேரில் கிடைத்த அக்காள் மகனுக்கே பெண் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது.

அப்போது எனக்கு ஒன்பதாம் மாதம். பங்குனியில் நிச்சயம், மறுநாள் என்னைப் பிள்ளைப்பேற்றுக்கு ராயபுரம் அழைத்துப் போவது என்று ஏற்பாடு.

நிச்சயத்தன்று நீர்மட்டம் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்த படகு நடு ஆற்றில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. பெண்ணின் அப்பா புதுவேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு கோவணத்தோடு இறங்கித் தள்ளினார். "அக்கா, குந்திகினே வா! மச்சான், நீ கூட குந்து!" சிரிப்பும் சேறுமாக எல்லோரும் கரையேறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாம்பூலம் மாற்றிக்கொண்டு பந்தலில் இலை போட்டார்கள்.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் தகப்பனார் சோற்றில் கை வைப்பதற்கு முன் பெண்ணின் தகப்பனார் எதிரே நின்று, "இன்னா கொற?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். இரண்டு தடவை குறையில்லை என்று சொல்லலாம். மூன்றாவது தடவை ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உனக்குக் கொடுக்க வக்கில்லை என்று அர்த்தம். சொன்னது வந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார், அவர் சாப்பிட்ட பிறகுதான் பந்தி சாப்பிடும். சொன்னதை மாற்றக் கூடாது. அது கிடைக்காமல் அவர் ஊர் திரும்பினால் சம்பந்தம் முறிந்தது. சாதாரணமாக ஒரு கல் உப்பு, ஒரு விசிறி என்று எதையாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் நைனாவுக்கு ராயபுரத்தில் கருவாட்டுக்கடை. பேச்சில் கறாராக இருந்தாலும் மனசு இளகினவர். வழக்கத்தை எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். கையில் செம்போடு சம்மந்தி அவர் எதிரே வந்து நின்றார்.

"இன்னா கொற?"

"ஒரு கொறயும் இல்ல."

"இன்னா கொற?"

"நெறஞ்சி கீது."

"இன்னா கொற மச்சான்?"

நைனா பந்தலைப் பார்த்தார், ஓலைக் கூரையைப் பார்த்தார், சேறு காயாத சம்மந்தியின் காலைப் பார்த்தார். இந்த ஏழை மனிதனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அவர் யோசித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. செலவில்லாத பொருள் ஒன்று அவருக்குத் தட்டுப்பட்டுவிட்டது. முகம் மலர்ந்தது.

"ஒங்க ஊரு மணல்ல சும்மா கெடக்கற பொருளுதான். ஆம முட்ட நாலு குடு. அது போதும் எனக்கு."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. பந்தல் முழுக்க நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

நைனா சுற்றிலும் பார்த்தார். "ஏன்? கெடைக்காதா? எங்க கடைக்கே கூடை கூடையா வருதே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, எதுனா தப்பாக் கேட்டுட்டேனா?" என்றார்.

நாலு பேர் நடுவில் எனக்கு வார்த்தை வந்தால்தானே சொல்ல.

சம்மந்தி செம்போடு நின்றுகொண்டிருந்தார். கன்னியம்மா இருந்த கதவைப் பார்த்தார். கடல் பக்கம் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. செம்பைக் கீழே வைத்தார்.

"கொறன்னு கேட்டவனுக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். எய்ந்து வா மச்சான். என் கையால எட்த்துக் குடுக்க மாட்டேன். நீயே எட்த்துக்கோ."

சாப்பிடாமல் யாரும் உட்கார முடியாது, சாப்பிடவும் முடியாது. அதனால் பந்தியே எழுந்து பின்னால் போயிற்று. பட்டுச்சேலை, புதுவேட்டி, மாப்பிள்ளைக் கோலத்தில் என் அண்ணன், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நான். அத்தை சோற்றுக் குண்டான்களை மூடிவிட்டு, "கடசில என் பொண்ண ஆம கையில குடுத்துட்டான்யா இந்தாளு" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

முதல் தாழை வேலியிடம் நைனா நின்றார். "இங்கயா?"

"இது சின்னவளோடது. பச்ச ஒடம்பு. வா."

இரண்டாவதையும் தாண்டினார். மூன்றாவதிடம் குனிந்து பார்த்தார். மணல் உரல்குழி மாதிரி லேசாக உள்வாங்கியிருந்தது. தாழை மடல்களைப் பிடுங்கித் தள்ளினார்.

"இது பெரியவளோடது. கைய வுடு."

நைனா முட்டி போட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணலில் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஐயோ! இன்னாமோ கெளறுதுய்யா!"

கையை இழுத்தார். உள்ளங்கையில் கரியாக, எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. நாலு துடுப்பையும் போட்டுக் காற்றிலேயே நீந்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே மணல் கொதிக்கிற மாதிரி அசைந்தது. ஒரு தலை, ரெண்டு தலை, அப்புறம் ஒரே கூட்டம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தன.

"கேட்டத குடுத்தேனா?" என்றார் சம்மந்தி.

"இது முட்டையாய்யா?"

"முட்டதான் மச்சான். நீ லேட்டா வந்துகீற. கொஞ்சம் முத்திப் பூட்ச்சி."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து படகுத்துறைக்கு நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

அப்போது கூட்டுக்குத் திரும்பாத ஒரு காக்கை இறங்கி ஒரு குஞ்சைக் கொத்தப் பார்த்தது.

"அட கலீஜு!" என்று நைனா பாய்ந்தார். தோளில் இருந்த ஜரிகைத் துண்டு காக்கை மேல் பறந்தது. "டேய், நின்னுகினு இன்னாடா பாக்கறீங்க? ரெண்டு பக்கமும் நில்லுங்கடா!" என்றார்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் என்று தண்ணீர் வரை வரிசை கட்டினார்கள். ஊர்வலத்துக்கு வழி விடுகிற மாதிரி நடுவில் குஞ்சுகள் போயின. வளைக்குள்ளிருந்து ஓடி வந்த மணல் நண்டுகளை அண்ணன் தாம்பூலத் தட்டால் தள்ளினான்.

"இதுவும் ஒங்க சொந்தமா மாமா?" என்று அவன் கேட்டான். அவனும் வாய் திறந்துவிட்டான்.

"பங்காளி! பங்காளி! தள்ளு!"

இருட்டத் தொடங்கியதும் பந்தலில் யாரோ காஸ் லைட்டை ஏற்றினார்கள். கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த குஞ்சுகளில் பாதி அப்படியே திரும்பி வெளிச்சத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கின.

"வெளக்கு! வெளக்கு!" என்று சம்மந்தி பதறினார். ஆனால் அணைக்கச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நிச்சய வீட்டில் விளக்கை அணைக்கலாமா? அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். கன்னியம்மாதான் ஓடினாள். எங்கள் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்த நிச்சயப் புடவையை எடுத்து வந்து உதறினாள். "இந்த முனையப் புடி" என்றாள் என்னிடம். நானும் அவளும் வெளிச்சத்தை மறைத்துப் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஏனோ எனக்குக் கூச்சமே வரவில்லை. குஞ்சுகள் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பின.

நைனா கையில் இருந்ததுதான் கடைசி. அலை நுரை வரைக்கும் கொண்டுபோனார். "இத இன்னா மொற சொல்லி அனுப்பறது?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு பெத்தது. எனக்குப் பேத்தி."

நைனா ஒரு நிமிஷம் கணக்குப் போட்டார். "அப்போ எனக்கு?"

"சம்மந்திக்குப் பேத்தின்னா ஒனக்கு மட்டும் அடுத்த வூட்டுப் புள்ளயா?"

நைனா குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு ஆறிப்போன சோற்றின் முன் உட்கார்ந்தார். "கொற தீந்துதுய்யா சம்மந்தி. எறாலு போடு" என்றார். பந்தல் இரைந்த இரைச்சல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். ஊரில் யார் யாரையோ சம்மந்தி என்று கூப்பிட்டுவிட்டார் அவர். தன்னை ஒருவர் முறையோடு அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அத்தை பார்த்துவிட்டாள். "மணலு பட்ட்சி" என்றார்.

மறுநாள் காலையில் எங்களை அக்கரை சேர்த்தார். நைனாவும் அம்மாவும் முன்னால் இருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, அது பொரிஞ்சிகீதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மணலு குழிஞ்சி இருந்துச்சி. ஆனா குழிஞ்சப்புறம் கூட ஒரு நாளு ரெண்டு நாளு ஆவறது உண்டு."

"முட்டையாவே இருந்துருந்தா?"

கழியைப் பத்து இருபது தடவை ஊன்றி எடுத்தார்.

"அதுவும் பொண்ணு, இதுவும் பொண்ணு. அதான் என் கையால எடுக்க மாட்டேன்னேன். வேற இன்னா பண்றது, சொல்லு. நைட்டு பூரா அத்தொட்டு தூக்கமே வரல எனக்கு" என்றார். பிறகு சிரித்தார். "பெரியவ காப்பாத்திட்டா. அவளுக்கு எப்பவும் பொறுப்பு ஜாஸ்தி."

ராயபுரத்தில் எனக்குப் பெண் பிறந்தது. பதினாறு நாள் கழிந்ததும் சம்மந்தி பார்க்க வந்தார். கையில் ஓலைக்கொட்டானில் நண்டு, எல்லாம் ஆம்பிளை நண்டு. நான் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குழந்தையோடு இருந்தேன். அவரும் அங்கேயே வந்து உட்கார்ந்தார். வாசலில் யாரோ நைனாவிடம் விலை பேசுவது கேட்டது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து முட்டை கொண்டு வருகிற ஆள்.

"வாணாம்பா. இனிமே இந்தக் கடைக்குக் கொண்டாராத" என்றார் நைனா.

"ஏன் முதலாளி? கெட்டுப் போனதா எதுனா?"

"அதெல்லாம் இல்ல. சம்மந்தி வூட்டுப் பொருளு. விக்கக் கூடாது."

அந்த ஆள் ஒன்றும் புரியாமல் போய்விட்டான். முன்பு ஆமை முட்டை வைத்து விற்ற பெரிய கூடையில் இப்போது என் குழந்தையின் துணிகள் கிடந்தன. சம்மந்தி அதைப் பார்த்தார். குழந்தையைத் துணியோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது கையையும் காலையும் போட்டுக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

நைனா இலை போட்டுவிட்டு எதிரே வந்து நின்றார். எங்கள் தீவு வழக்கம் ராயபுரத்தில் கிடையாது. ஆனாலும் கேட்டார்.

"இன்னா கொற சம்மந்தி?"

அவர் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்த வருசம் நமக்குப் பேத்திங்க ஜாஸ்தி" என்றார்.